ரிமோட் எட்டாத அறைக்கு ஐஆர் ரிப்பீட்டர்: நீங்களே செய்ய முழு வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. செட்டாப் பாக்ஸ் முன் ஹாலில் இருக்கிறது. அம்மா படுத்திருப்பது கடைசி அறையில். அங்கே பழைய டிவி ஒன்றை வைத்து, ஹாலிலிருந்து ஒயர் இழுத்துப் படம் வரவைத்துவிட்டேன். படம் வந்தது, ரிமோட் சிக்னல் போகவில்லை. "டேய், சேனல மாத்துடா" என்று குரல் வரும், நான் எழுந்து ஹாலுக்குப் போவேன். ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை இதே நடை.

அதற்காகச் செய்ததுதான் இந்த ஐஆர் ரிப்பீட்டர் சர்க்யூட். ரிமோட் விடும், கண்ணுக்குத் தெரியாத ஐஆர் (அகச்சிவப்பு) ஒளியை ஓர் அறையில் வாங்கி, இன்னோர் அறையில் மறுபடி விடும். அப்புறம் தெருவில் கேட்டவர்களுக்கு நாலைந்து செய்துகொடுத்தேன். பாலிடெக்னிக் படிக்கும் பையன்களை உட்காரவைத்து அவர்கள் கையாலேயே செய்யவும் வைத்தேன். அவர்கள் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எல்லாப் பாகத்தையும் ஒரே மூச்சில் போர்டில் ஏற்றிவிட்டு, கடைசியில் சப்ளை கொடுப்பார்கள். வேலை செய்யாது. தப்பு எந்தப் பகுதியில் என்றும் தெரியாது.

அதனால் இங்கே கடைக்கோடியிலிருந்து முன்னால் வருகிறோம். முதலில் எல்இடி, அப்புறம் துடிப்பைத் தரும் 555 டைமர் ஐசி, அதன் பிறகு ரிமோட் ஒளியை வாங்கும் ரிசீவர். ஒன்று தனியாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

1. முதலில் ரிமோட்டைச் சோதியுங்கள்

ரிமோட்டின் மூக்கைச் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஓர் ஒளி துடிக்க வேண்டும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களில் பின்பக்கக் கேமராவில் ஐஆரைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

ஒளி மங்கலாக இருந்தால் பேட்டரியை மாற்றி, ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். "ரிப்பீட்டர் செஞ்சு குடுங்க" என்று கேட்டு வந்த ஒருவருக்கு இதோடு வேலை முடிந்துவிட்டது.

பாக்ஸ் ரிமோட்டுக்கு ஒழுங்காகக் கட்டுப்படுகிறது, ஆனால் எந்தக் கேமராவிலும் ஒளி தெரியவில்லை என்றால் அது புளூடூத் ரிமோட்டாக இருக்கலாம். அப்படிப்பட்ட ரிமோட்டுக்கு இந்த சர்க்யூட் உதவாது.

ரிமோட்டைப் பிரித்து உள்ளே இன்னொரு எல்இடி வைத்தால் தூரம் கூடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆக எல்இடியை இரட்டிப்பாக்கினால் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். நடுவில் சுவர் இருந்தால் அதுவும் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை ஐஆர் தாண்டாது. இந்தப் பக்கம் வாங்கி, ஒயரில் கொண்டுபோய், அந்தப் பக்கம் மறுபடி ஒளியாக விடுவதுதான் வழி.

2. சர்க்யூட் என்ன செய்கிறது

ரிமோட்டின் எல்இடி சும்மா எரிந்து அணைவதில்லை. எரிவதாக நாம் நினைக்கும் ஒவ்வொரு கணத்திலும் அது நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. பல ரிமோட்டுகள் பின்பற்றும் என்இசி என்ற சிக்னல் முறையில் முதல் துடிப்புக் கொத்து 9 மில்லி செகண்ட் நீளம். அதன்பின் வரும் சின்னக் கொத்துகள் ஒவ்வொன்றும் 560 மைக்ரோ செகண்ட். அந்தச் சின்னக் கொத்துக்குள் மட்டும் 21 துடிப்பு அடங்கியிருக்கும்.

டிஎஸ்ஓபி என்ற மூன்று கால் ரிசீவர் அந்த 38 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 38,000) துடிப்பை உரித்துப் போட்டுவிட்டு, கொத்தின் உருவத்தை மட்டும் வெளியே தருகிறது. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ரிசீவரின் அவுட்புட்டை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக நேரே ஐஆர் எல்இடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எல்இடி எரியும், கேமராவிலும் தெரியும். ஆனால் பாக்ஸ் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அது எதிர்பார்ப்பது துடிக்கும் ஒளியை.

உரித்ததைத் திரும்பப் போர்த்த வேண்டும். அதற்குத்தான் 555. ரிசீவர் "இப்போது கொத்து வருகிறது" என்று சொல்லும்போது மட்டும் 555 நொடிக்கு 38,000 தடவை துடித்து எல்இடியை ஓட்டும்.

3. கையில் இருக்க வேண்டியவை

வேலை தொடங்கிய பிறகு ஒரு ரெசிஸ்டருக்காகக் கடைக்கு ஓடுவதைப் போல் எரிச்சல் வேறு இல்லை. வேலூரில் கிடைக்காத பாகம் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு மணி நேரம் போய் சென்னை ரிச்சி தெருவில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே ஐசி, டிரான்சிஸ்டர், ரிசீவர் எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

- ரிசீவர்: டிஎஸ்ஓபி 1738, அல்லது அதே 38 கிலோஹெர்ட்ஸில் வேறு மாடல்
- டைமர்: என்இ 555 ஒன்று, எட்டு கால் ஐசி பேஸுடன்
- டிரான்சிஸ்டர்: பிசி 557 ஒன்று, பிசி 337 ஒன்று
- 5 மில்லிமீட்டர், 940 நானோமீட்டர் ஐஆர் எல்இடி இரண்டு, சாதாரணச் சிவப்பு எல்இடி ஒன்று
- ரெசிஸ்டர்: 47 ஓம், 100 ஓம், 470 ஓம் இரண்டு, 1 கிலோ, 2.2 கிலோ, 10 கிலோ, 15 கிலோ
- 5 கிலோ பிரீசெட் (திருப்பித் தடையை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) ஒன்று
- கெப்பாசிட்டர்: 1 நானோ ஃபாரட் (102 என்று அச்சடித்திருக்கும்), 10 நானோ (103), 100 நானோ (104), 4.7 மைக்ரோ, 470 மைக்ரோ
- பிரெட்போர்டு, மல்டிமீட்டர், 5 வோல்ட் அடாப்டர், டாட் போர்டு (சால்டர் செய்யும் புள்ளி ஓட்டைப் போர்டு), தேவையான நீளத்துக்கு இரண்டு இழை ஒயர்

102 கெப்பாசிட்டரை மட்டும் பாலியஸ்டர் வகையில் கேட்டு வாங்குங்கள். மலிவான செராமிக் வட்டு சூட்டில் மதிப்பு மாறும். மதிப்பு மாறினால் 555-இன் துடிப்பும் மாறும். கத்திரி வெயிலில் நம் ஊர் அறைக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

102, 103, 104 மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என் முதல் போர்டில் 102 இருக்க வேண்டிய இடத்தில் 104-ஐ வைத்துவிட்டேன். 38 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 380 ஹெர்ட்ஸ் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரான்சிஸ்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஐஆர் எல்இடியிலும் ஏமாற இடம் உண்டு. ரோபோ செய்யும் மாணவர்களுக்காக ஜோடியாக விற்பார்கள். தெளிந்த கண்ணாடி போல் இருப்பது எல்இடி, கறுப்பாக இருப்பது ஒளியை வாங்கும் டயோடு. நமக்குத் தேவை தெளிந்தது மட்டும். அது சாதாரண வெள்ளை எல்இடியோடு கலந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள். ஐஆர் எல்இடி 1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் நிறம் எதுவானாலும் 1.6-க்கு மேல்தான்.

4. கால் எண்ணைச் சரிபாருங்கள்

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கிறேன். நான் பார்த்தவரை அதிகம் செத்துப்போன பாகம் ரிசீவர்தான்.

டிஎஸ்ஓபி 1738-ஐக் குமிழ் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கிரவுண்டு, சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி 4838-இலும், சந்தையில் அதிகம் கிடைக்கும் விஎஸ் 1838 பி-யிலும் வரிசை வேறு: அவுட்புட், கிரவுண்டு, சப்ளை. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடையில் கொடுப்பார்கள். வேலை ஒன்றுதான், கால் ஒன்றில்லை. ஒரு தடவை மாற்றிச் சொருகிவிட்டு, எதற்கோ தொட்டபோது விரல் சுட்டது. அதோடு அது போயிற்று.

பிசி 557, பிசி 337 இரண்டுக்கும் தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசை. 337-க்குப் பதில் 2222 வகை டிரான்சிஸ்டர் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் அதில் தயாரிப்பைப் பொறுத்து கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறும். பிசி 547 வேண்டாம். அதன் எல்லையே 100 மில்லி ஆம்பியர், நமக்குக் கொஞ்சம் தாராளம் வேண்டும்.

5. சப்ளை

பழைய செல்போன் சார்ஜர் போதும், 5 வோல்ட் சரியாக வந்தால். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். 4.5-க்குக் கீழே போனால் டிஎஸ்ஓபி 1738-உம் 555-உம் இரண்டுமே தகராறு செய்யும்.

470 மைக்ரோ கெப்பாசிட்டரை சப்ளை நுழையும் இடத்திலேயே போடுங்கள். 104-ஐ 555-இன் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் நடுவில், ஐசியை ஒட்டிப் போடுங்கள். எல்இடி ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும். கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அந்த இழுப்பு சப்ளை வழியாக ரிசீவருக்கே போய்ச் சேரும்.

டிவிக்குள்ளோ செட்டாப் பாக்ஸுக்குள்ளோ கையை விட்டு 5 வோல்ட் எடுக்கப் பார்க்காதீர்கள். தனி அடாப்டர்தான் பாதுகாப்பு.

6. முதல் கட்டம்: எல்இடி

பிரெட்போர்டில் ஒரே வரிசையாக வையுங்கள்: பிளஸ் 5, 47 ஓம், முதல் ஐஆர் எல்இடி, இரண்டாம் ஐஆர் எல்இடி, பிசி 337-இன் கலெக்டர். எமிட்டர் கிரவுண்டுக்கு. பேஸில் 470 ஓம்.

இரண்டு எல்இடியைத் தொடராக வைக்கக் காரணம் இருக்கிறது. ஒன்று சுமார் 1.3 வோல்ட் எடுக்கும். இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம் போதும் என்பதால், ரெசிஸ்டரில் சூடாக வீணாவது ஒளியாகிறது. 47 ஓமில் ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் ஓடும்.

இப்போது 470 ஓமின் மறுமுனையை பிளஸ் 5-இல் ஓரிரு செகண்ட் தொட்டு, கேமராவில் பாருங்கள். இரண்டும் எரிய வேண்டும். ஒன்று மட்டும் எரிய வாய்ப்பே இல்லை. தொடர் இணைப்பில் ஒன்று தலைகீழாக இருந்தால் இரண்டுமே எரியாது.

கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒளி தெரியாததால் கண் தானாகச் சுருங்காது.

7. இரண்டாம் கட்டம்: 555

ஒயரிங் இதுதான். 1 கிரவுண்டு. 8 பிளஸ் 5. 8-க்கும் 7-க்கும் நடுவில் 2.2 கிலோ. 7-க்கும் 6-க்கும் நடுவில் 15 கிலோவும் 5 கிலோ பிரீசெட்டும் தொடராக. 2-ஐயும் 6-ஐயும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து 102 கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு. 5-இலிருந்து 103 கிரவுண்டுக்கு. 3-ஆம் கால், போன கட்டத்தில் பேஸில் வைத்த 470 ஓமுக்கு.

4-ஆம் காலைத் தற்காலிகமாக பிளஸ் 5-இல் கட்டுங்கள். அது ரீசெட் கால். மேலே இருந்தால் 555 ஓடும், கீழே இருந்தால் நிற்கும். பின்னால் ரிசீவர் பிடித்து ஆட்டப்போவது இந்தக் காலைத்தான்.

கணக்கு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: 7-6 ரெசிஸ்டரை இரட்டித்து 8-7 ரெசிஸ்டரோடு கூட்டுங்கள். அதைக் கெப்பாசிட்டரால் பெருக்கி, 1.44-ஐ அதனால் வகுங்கள். பிரீசெட் ஏறக்குறைய நடுவில் 2.8 கிலோவாக இருந்தால் 17.8-இன் இரட்டிப்பு 35.6, அதோடு 2.2 சேர்த்து 37.8 கிலோ ஓம். 1 நானோ ஃபாரட்டுடன் அது 38 கிலோஹெர்ட்ஸ் தருகிறது. பிரீசெட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினால் ஏறத்தாழ 34 முதல் 44 வரை போகும். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

மீட்டரில் ஹெர்ட்ஸ் அளவு இருந்தால் 3-ஆம் காலில் வைத்து 38-க்குத் திருப்புங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். டிசி வோல்ட்டில் வைத்தால் 2 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டும். அது துடிக்கிறது என்பதற்கு அடையாளம். 0 என்றோ, 3-க்கு மேல் அசையாமல் என்றோ காட்டினால் துடிக்கவில்லை. நுணுக்கமாகத் திருப்பும் வேலையை 11-ஆம் பகுதிக்கு ஒத்திப் போடலாம்.

கேமராவில் எல்இடி நிலையாக எரிவது போலத் தெரியும். 38,000 துடிப்பைக் கேமரா பிரித்துக் காட்டாது.

8. மூன்றாம் கட்டம்: ரிசீவர்

4-ஆம் காலில் இன்னும் கை வைக்காதீர்கள். ரிசீவரைப் போர்டின் மறுகோடியில் தனியாகக் கட்டுங்கள்.

சப்ளைக் காலுக்கு 100 ஓம் வழியாக பிளஸ் 5. அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 4.7 மைக்ரோ. இந்த இரண்டையும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சார்ஜர் நல்லதாக அமைந்தால் ஓடும், மலிவான சார்ஜராக அமைந்தால் ரிசீவர் தானாகவே உளறும்.

அவுட்புட் காலிலிருந்து 10 கிலோ வழியாக பிசி 557-இன் பேஸ். எமிட்டர் பிளஸ் 5-க்கு. கலெக்டரிலிருந்து 1 கிலோ, சிவப்பு எல்இடி, கிரவுண்டு.

டிரான்சிஸ்டர் எதற்கு? டிஎஸ்ஓபி தலைகீழ் ஆசாமி. சும்மா இருக்கும்போது அவுட்புட் மேலே, சிக்னல் வந்தால் கீழே. 555-க்கு வேண்டியது நேர்மாறு. பிசி 557 இதைத் திருப்பிப் போடுகிறது.

முன் கட்டத்து 555 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் 8-ஆம் கால் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதன் ஒளியே ரிசீவரைக் குழப்பும். இப்போது ரிமோட்டை அமுக்குங்கள். சிவப்பு எல்இடி படபடவென்று மின்ன வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும்.

அமுக்காமலே அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னினால் டியூப் லைட்டையோ சிஎஃப்எல்-ஐயோ அணைத்துப் பாருங்கள். அவற்றின் எலக்ட்ரானிக் சோக்கு பல பத்து கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அந்த ஒளி ரிசீவருக்கு ரிமோட் போலவே தெரியும். ரிசீவரைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தச் சிவப்பு எல்இடியைக் கடைசிவரை எடுக்காதீர்கள். சர்க்யூட் மூடிய டப்பாவுக்குள் போன பிறகு, சிக்னல் வந்ததா என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

9. இணைப்பு, அதில் இருக்கும் பொறி

555-இன் 4-ஆம் காலை பிளஸ் 5-இலிருந்து கழற்றி, பிசி 557-இன் கலெக்டரில் இணையுங்கள். 4-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டாவது 470 ஓம். 8-ஆம் கால் ஒயரைத் திரும்பக் கொடுங்கள்.

அந்த 470 ஓமைப் பார்த்ததும் கொஞ்சம் படித்த பையன்கள் எல்லாரும் கேட்பது, "எதுக்குண்ணே இவ்வளவு சின்னது? புல்டவுன்னா 10 கே தானே?" புல்டவுன் என்பது காலைக் கீழே, கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர். வழக்கம் 10 கிலோதான். ஒரு தம்பி நான் சொன்னதைக் கேட்காமல் 10 கிலோவைப் போட்டான். பத்து நிமிஷம் கழித்து வந்தான். "அண்ணே, ரிமோட்டத் தொடவே இல்ல, ஐஆர் எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

4-ஆம் காலில் மீட்டரை வைக்கச் சொன்னேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சாதாரண என்இ 555-இன் ரீசெட் காலிலிருந்து 0.4 மில்லி ஆம்பியர் அளவுக்கு வெளியே கசியும். 470 ஓமில் அது 0.2 வோல்ட்டைத் தாண்டாது. 10 கிலோவில் காலையே தூக்கிவிடும். 0.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் 555 நிச்சயமாக நிற்கும். சீமாஸ் (CMOS) வகை 7555 ஐசிக்கு இந்தக் கசிவு கிடையாது, அதில் 10 கிலோவும் ஓடும். இணையத்தில் ஒரே படம் ஒருவருக்கு ஓடி இன்னொருவருக்கு ஓடாமல் போக இது ஒரு காரணம்.

10. தன் குரலைத் தானே கேட்கும் கோளாறு

இணைத்துவிட்டு ரிமோட்டை ஒரு தடவை அமுக்கினால், சிவப்பு எல்இடி விடாமல் மின்னிக்கொண்டே இருக்கலாம். உடனே எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். சர்க்யூட் நன்றாகத்தான் இருக்கிறது. ஐஆர் எல்இடி விடும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பி ரிசீவருக்கே வருகிறது. ரிசீவர் அதை ரிமோட் என்று எண்ணி மறுபடி எல்இடியை ஓட்டுகிறது. கோயில் விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வரும் ஊளையேதான்.

மேஜையில் சோதிக்கும்போது ஐஆர் எல்இடி இரண்டையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, நுனி மட்டும் தெரியும்படி விடுங்கள். நுனியைப் பாக்ஸின் சிக்னல் கண்ணாடிக்கு விரல் நீளத் தூரத்தில் வையுங்கள். ரிசீவரை அதற்கு முதுகு காட்டும்படி வையுங்கள். முடிந்தால் பக்கத்து அறையில் வைத்தே சோதியுங்கள்.

மெல்லிய துணியோ வெள்ளைத் தாளோ போட்டு மறைத்தால் போதாது, அவற்றை ஐஆர் ஊடுருவும். சில கறுப்பு பிளாஸ்டிக்கும் அப்படித்தான், ரிமோட்டின் மூக்கே அந்த வகை பிளாஸ்டிக். மறைப்பு மறைக்கிறதா என்று கேமராவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. துடிப்பைச் சரியான அளவில் வைப்பது

பாக்ஸ் இப்போது சேனல் மாற்றும் என்று வைத்துக்கொள்வோம். ஐஆர் எல்இடியை ஓரடி தள்ளி வைத்து, பிரீசெட்டை ஒரு பக்கமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே ரிமோட்டை அமுக்குங்கள். பாக்ஸ் கேட்பதை நிறுத்தும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. மறுபக்கமும் அதேபோல் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். கோடே போட முடியாமல் எல்லா இடத்திலும் கேட்டால் இன்னும் இரண்டடி தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

ஹெர்ட்ஸ் மீட்டர் இருப்பவர்களும் இதைச் செய்வது நல்லது. பாக்ஸுக்குள் இருக்கும் ரிசீவருக்கு எது பிடிக்கிறது என்பதுதான் முக்கியம், 38 என்ற எண் இல்லை. இவ்வகை ரிசீவரின் பட்டை குறுகியது. நடு மதிப்பிலிருந்து ஐந்து சதவீதம் விலகினாலே காது மந்தமாகும்.

ஆர்சி 5 என்ற இன்னொரு சிக்னல் முறை ரிமோட்டுகள் 36 கிலோஹெர்ட்ஸிலும், சோனி 40-இலும் ஓடுகின்றன. பக்கத்தில் நின்றால் கேட்கிறது, கட்டிலிலிருந்து கேட்கவில்லை என்றால் அதற்கேற்ற 1736 அல்லது 1740 ரிசீவரை மாற்றி, பிரீசெட்டையும் மறுபடி திருப்புங்கள். சில செட்டாப் பாக்ஸ்கள் 56-இல் ஓடும். அங்கே ரிசீவரோடு 102 கெப்பாசிட்டரையும் 680 பிக்கோ ஃபாரட்டாக மாற்ற வேண்டும்.

நிறுத்திய பிறகு பிரீசெட்டின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். காய்ந்தால் அசையாது, வேண்டும்போது உடைத்துத் திருப்பலாம்.

12. டாட் போர்டும் ஒயரும்

பிரெட்போர்டில் ஓடியதை அப்படியே டாட் போர்டுக்கு மாற்றுங்கள், அதே வரிசையில், ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டு. ஐசியை நேரே சால்டர் செய்யாமல் ஐசி பேஸில் போடுங்கள். ரிசீவரின் கால்களைக் குட்டையாக வெட்டாதீர்கள், டப்பா ஓட்டைக்கு நேராக வளைக்க நீளம் தேவைப்படும்.

ரிசீவரும் சர்க்யூட்டும் படுக்கை அறையில் ஒரே டப்பாவில் இருக்கட்டும். நீளமாகப் போவது எல்இடி ஒயர் மட்டும். பலர் மாற்றிச் செய்கிறார்கள்: சர்க்யூட்டைப் பாக்ஸ் பக்கம் வைத்து, ரிசீவரை நீள ஒயரில் தொங்கவிடுகிறார்கள். டிஎஸ்ஓபியின் அவுட்புட்டை மேலே பிடித்து வைத்திருப்பது அதற்குள் இருக்கும் பலவீனமான ஒரு ரெசிஸ்டர். பத்து மீட்டர் ஒயரில் 230 வோல்ட் லைனின் இரைச்சல் அதை எளிதாக ஆட்டிவிடும். எல்இடி ஒயரில் ஓடுவதோ 50 மில்லி ஆம்பியர், அதைச் சில்லறை இரைச்சல் ஒன்றும் செய்யாது.

நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஏற்கெனவே முறுக்கியிருக்கும். பதினைந்து மீட்டருக்கு, போக வர எல்லாம் சேர்த்து, தடை இரண்டரை ஓம்தான். ஸ்பீக்கர் ஒயரும் போதும். கரண்டு லைன் போகும் பைப்புக்குள் மட்டும் விடாதீர்கள், அது இரைச்சலுக்காக இல்லை, உயிருக்காக.

எல்இடியைப் பாக்ஸின் கண்ணாடி மேல் ஒட்டிவிட்டால் 47 ஓமே அதிகம், 100 ஓம் போதும். எதிர்ச் சுவரிலிருந்து அடிக்க வேண்டுமென்றால் 33 ஓம் வரை இறங்கலாம். எல்இடி வாங்கும்போது அது எத்தனை மில்லி ஆம்பியர் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரிப்பீட்டரைச் சங்கிலியாக வைக்க வேண்டாம். ஒவ்வொரு ரிசீவரும் கொத்தின் நீளத்தைச் சில துடிப்பு கூட்டியோ குறைத்தோதான் தரும். ஒரு தடவை என்றால் பாக்ஸ் பொறுத்துக்கொள்ளும். ஒயரை நீட்டுவதே மேல்.

13. கேட்கவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். ரிமோட்டை அமுக்கினால் சிவப்பு எல்இடி மின்னவில்லையா? தப்பு ரிசீவர் பக்கம். சும்மா இருக்கும்போது டிஎஸ்ஓபி அவுட்புட்டில் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் வரிசையைப் பாருங்கள்.

சிவப்பு மின்னுகிறது, கேமராவில் ஐஆர் தெரியவில்லையா? 4-ஆம் காலைத் தற்காலிகமாக பிளஸ் 5-இல் தொட்டுப் பாருங்கள். இப்போது தெரிந்தால் பிசி 557-க்கும் 4-க்கும் நடுவில் சால்டர் விட்டுப்போயிருக்கிறது. அப்போதும் தெரியாவிட்டால் 3-ஆம் காலிலிருந்து எல்இடி வரை பாருங்கள்.

இரண்டும் சரி, பாக்ஸ் மட்டும் கேட்கவில்லையா? துடிப்பு விலகியிருக்கும், அல்லது ஒளி திரும்பி வந்து குழப்பும். 10-ஆம், 11-ஆம் பகுதிகளைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியாக வந்தது இதில் எதிலும் அடங்கவில்லை. காலையில் ஓடியது, ராத்திரி ஓடியது, சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் அம்மா கட்டிலை விட்டு எழுந்து டப்பா பக்கத்தில் போய் அமுக்க வேண்டியிருந்தது. அந்த அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. சாய்ந்த வெயில் நேரே ரிசீவரின் குமிழில் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை ஒளிக்கு நடுவில் அதன் காது மந்தமாகிவிடும். டப்பாவை ஜன்னல் சுவருக்கே மாற்றி, குமிழைச் சுற்றிக் கறுப்பு டேப்பில் ஓரங்குலக் குழல் ஒன்று செய்து வைத்தேன். இப்போது அது கட்டிலை மட்டும் பார்க்கிறது.